எண்ணூர்க் கழிமுகத்தைச் சீரமைக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

கொசஸ்தலை ஆறு எண்ணூரில் கடலைச் சேருமுன், கரை எது, தண்ணீர் எது என்று பிரித்துச் சொல்ல முடியாதபடி உப்பங்கழியும் சேற்றுத்திட்டும் அலையாத்தியுமாகப் பரந்து கிடக்கிறது. பூண்டி நீர்த்தேக்கம் திறக்கப்பட்டால் வரும் வெள்ளமும் புழல் ஏரியின் உபரிநீரும் இங்கேதான் வந்து சேர்கின்றன. எதிர்த்திசையில் கடல் ஓதம் நாளுக்கு இருமுறை ஏறி இறங்குகிறது. 1996-இல் ஒப்புதல் பெற்ற கடற்கரை மேலாண்மை வரைபடம் இதில் ஏறத்தாழ 6,500 ஏக்கரைக் கட்டுமானம் கூடாத இடமாகக் குறித்தது. இத்தகைய நிலத்தை ஆக்கிரமிப்பாளர்களிடமிருந்து காப்பது பெரும்பாடு என்பது ஊரறிந்தது. நல்லெண்ணத்தோடு சீரமைக்க வருகிறவர்கள் செய்யும் பிழைகளும் அதற்குச் சற்றும் குறைந்தவையல்ல.

அவற்றுள் தலையாயது, தண்ணீரைப் பாராமல் கன்று நடத் தொடங்குவது. சென்னைக் கரையில் அமாவாசை, பௌர்ணமி நாள்களில்கூட ஓதம் ஏறத்தாழ ஒரு மீட்டர் அளவே ஏறி இறங்குகிறது. ஆகவே தரை ஒரு சாண் உயர்ந்துவிட்டால் ஓதம் எட்டாமல், மண்ணில் உப்புப் பூத்து, நட்ட கன்று கருகிவிடலாம்; ஒரு சாண் தாழ்ந்தால் கன்று நெடுநேரம் மூழ்கிக் கிடந்து மூச்சின்றி அழுகலாம். அனல்மின் நிலையச் சாம்பல் படிந்து படுகை மேடேறிய இடங்கள் எண்ணூரில் உண்டு என்பதால், இங்கே மண்வெட்டிக்கு முன், தரையின் உயரத்தை அளக்கும் மட்டக்கோல் வர வேண்டும். பிச்சாவரத்தில் முற்காலத்தில் மரங்களை மொத்தமாக வெட்டியதால் தரை தாம்பாளம்போல் குழிந்து, உள்ளே தேங்கிய ஓதநீர் வற்றி வற்றி மண்ணை உப்பாக்கியது. எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் மீன்முள் வடிவில் வாய்க்கால்கள் வெட்டி, ஓதம் உள்ளே சென்று திரும்ப வழிசெய்து நட்ட பிறகே அங்கே காடு மீண்டது. அலையாத்தி வகைகளுள் ஒன்றான வெண்கண்டலின் விதை ஓதத்தில் மிதந்து சென்று தானே வேரூன்றக் கூடியது. நீரோட்டம் திரும்பி, தாய்மரமும் அருகில் இருக்குமானால், ஓரிரு பருவம் பொறுத்திருந்து பார்ப்பதே செலவு குறைந்த வழி. (விழா எடுக்க அது உதவாது என்பது வேறு.)

மரமில்லாத சேற்றுத்திட்டை வெற்றிடமாக எண்ணி அதையும் கன்றுகளால் நிரப்புவது இதன் மறுபக்கம். வலசை வரும் உள்ளான் பறவைகள் இரை தேடுவதும், சுற்றுக் குப்பங்களின் மக்கள் கையால் தடவி இறால் பிடிப்பதும் அந்தச் சேற்றில்தான். வடக்கே பழவேற்காட்டில் பூநாரைகள் மேய்வது ஆழமற்ற நீரில்தான். குடிநீர் ஏரிக்கு ஆழம் நல்லது. அதே வழக்கத்தில் பொக்லைனை இறக்கி இங்கும் ஒரே ஆழமாகத் தோண்டி, எடுத்த மண்ணைக் கரையாகக் குவித்து, மேலே நடைபாதை போட்டால், பறவைக்கு வேண்டிய சரிவும் போகும், வெள்ளம் பரவ வேண்டிய இடமும் சுருங்கும். அந்த வெள்ளம் மணலி, சடையங்குப்பம் வீடுகளைத் தேடிச் செல்லும்.

முகத்துவாரத்தைத் தூர்வாருவதிலும் ஒரு கவனக்குறைவு உண்டு. இக்கரையில் ஆண்டின் பெரும்பகுதி மணல் தெற்கிலிருந்து வடக்காக நகர்கிறது. வாரிய மணலை முகத்துவாரத்தின் தென்பக்கத்திலேயே கொட்டினால் அலை அதைத் திரும்பக் கொண்டுவந்து அதே வாயில் போட்டுவிடும்.

சீமைக் கருவேலத்தைத் தரைக்கு மேல் வெட்டிவிட்டு வேலை முடிந்ததெனக் கணக்கெழுதுவது வீண். அடிக்கட்டை முன்னிலும் அடர்த்தியாகத் துளிர்க்கும், காயைத் தின்ற ஆடுமாடுகள் சாணத்தின் வழியே விதையைப் பரப்பும். வேரோடு எடுத்து, பின்வரும் ஆண்டுகளிலும் முளைத்ததைப் பிடுங்க ஆள் வேண்டும். ஆகாயத்தாமரையை வாரிக் கரையோரத்திலேயே குவிப்பதும் அப்படித்தான். அடுத்த மழை அதை மீண்டும் நீரில் சேர்த்துவிடும். அயல்நாட்டிலிருந்து வந்து இறால் தரையை மூடிப் படரும் காக்கா ஆழி என்னும் சிப்பியை மீனவர்கள்தாம் முதலில் அடையாளம் காட்டினார்கள். அவர்களைத் திட்டம் முடிந்தபின் கூட்டத்துக்கு மட்டும் அழைக்கும் வழக்கம், உள்ளதிலேயே எளிதாகத் திருத்தக்கூடிய தவறு.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் பரவியபோது இங்கே அலையாத்தி வேர்களிலும் அது படிந்தது. இத்தகைய நேரத்தில் துப்புரவுக்கு ஆள்களைக் கூட்டமாகச் சதுப்பில் இறக்கக் கூடாது. மேற்பரப்பில் இருக்கும் எண்ணெயை மிதித்து மிதித்துச் சேற்றுக்குள் புதைத்துவிடுவார்கள், பிறகு எடுக்க வழியில்லை. படகிலிருந்தோ பலகை போட்டோ வேலை செய்ய வேண்டும்.

கடைசியாகக் கணக்கு. நட்ட கன்றுகளின் எண்ணிக்கை பதிவேட்டை அழகாக்குமே தவிர வேறொன்றும் சொல்லாது. மூன்றாம் ஆண்டு முடிவில் உயிரோடிருப்பவை எத்தனை, மே மாத வெயிலிலும் டிசம்பர் வெள்ளத்திலும் அதே இடத்தில் உப்பின் அளவு என்ன, ஓதம் எதுவரை ஏறியது என்பவற்றைக் குறிக்க வேண்டும். வேலை தொடங்குவதற்கு முந்தைய ஓராண்டின் அளவுகளும் அந்தப் பதிவேட்டின் முதல் பக்கங்களில் இருக்க வேண்டும்.