வளர்ச்சிக் காரணியும் குளூக்கோஸும்: பெருங்குடல் புற்றுச் செல்லில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

செமஸ்டர் விடுமுறை வந்தால் மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் எங்கள் வீட்டு முன்கூடத்தில் பிள்ளைகள் மடிக்கணினியோடு வந்து உட்கார்ந்துவிடுவார்கள். சுற்றுத் தோட்டங்களிலிருந்து உயிர்மருத்துவம் படிக்கப் போனவர்கள். நான் செல் வளர்ப்பு ஆய்வகத்தில் வேலை பார்த்தவள் என்பதால், "அக்கா, இந்த கிராஃபைக் கொஞ்சம் பாருங்க" என்று நீட்டுவார்கள். இந்தத் துறையில் எல்லாரும் தடுக்கி விழுந்த அதே இடங்களில்தான் இவர்களும் விழுகிறார்கள். கையுறை, ஆல்கஹால் பற்றியெல்லாம் விரிவுரையாளர் சொல்லியிருப்பார், அதை விட்டுவிடுகிறேன்.

சீரத்தை நீக்காமல் காரணியைச் சேர்ப்பது

செல்லை வளரச் சொல்லும் புரதங்களை வளர்ச்சிக் காரணி என்போம்; அவற்றில் ஒன்றான ஈஜிஎஃப் (EGF) சேர்த்தால் பெருங்குடல் புற்றுச் செல் குளூக்கோஸை அதிகம் இழுக்குமா என்பது ஒரு தங்கையின் ஆய்வுக் கேள்வி. செல் வளர்க்கும் பிளேட்டில் காரணி போட்ட குழியும் போடாத குழியும் கிராஃபில் ஒரே உயரம். 'தொடர்பில்லை' என்று முடிவுரையும் எழுதிவிட்டாள். செல் வளரும் திரவமான மீடியத்தில் என்னம்மா இருந்தது என்று கேட்டேன். பத்து விழுக்காடு சீரம்!

சீரம் வெறும் சத்துநீர் இல்லை. கன்றுக் கருவின் ரத்தத்திலிருந்து எடுப்பது. ஐஜிஎஃப், பிடிஜிஎஃப் போன்ற வளர்ச்சிக் காரணிகள் அதிலேயே இருக்கின்றன. அவை செல்லின் மேலுள்ள ஏற்பிப் புரதங்களில் ஒட்டியதும், உள்ளே பிஐ3கே, ஏகேடி, எம்டார் என்ற புரதங்கள் வழியே சமிக்ஞை வரிசையாக இறங்கும். ஏகேடி, குளட்1 என்ற கடத்திப் புரதத்தைச் செல்சவ்வில் கூட்டும். உள்ளே வந்த குளூக்கோஸில் ஹெக்சோகைனேஸ் 2 என்ற நொதி பாஸ்பேட்டை ஏற்றி, வெளியேற முடியாமல் செய்யும். எம்டார் வழியே எச்ஐஎஃப்-1 என்ற புரதம் கூடினால், குளூக்கோஸ் உடைவதன் கடைசியில் லாக்டேட் உண்டாக்கும் நொதியும் பெருகும். இத்தனையும் ஏற்கனவே ஓடிக்கொண்டிருக்க, மேலே கொஞ்சம் ஈஜிஎஃப் விட்டு வித்தியாசம் தேடுவது, கொட்டுகிற மழையில் நின்றுகொண்டு குழாயைத் திறந்து நனைந்தேனா என்று பார்ப்பது போல.

இதைப் பார்த்தால் இன்றும் எனக்கு எரிச்சல் வருகிறது. ஈஜிஎஃப் மைக்ரோகிராம் கணக்கில் விற்கிற பொருள், விலையும் அதிகம். அந்தக் காசு போனாலும் பரவாயில்லை. தவறான 'இல்லை' ஆய்வேட்டில் ஏறிவிடுகிறது. அடுத்த ஆண்டு வருகிற பிள்ளை அதைப் படித்துவிட்டு நல்ல கேள்வியைக் கைவிட்டுவிடுகிறது.

சரி, என்ன செய்யலாம்? முதல் நாள் மாலையே சீரம் இல்லாத மீடியத்துக்கு மாற்றி ஓர் இரவு வையுங்கள். நாள்கணக்கில் வைத்தால் செல் சாகத் தொடங்கும், அதையும் சோதியுங்கள். சீரத்துக்குப் பதிலாகப் போடும் சில கலவைகளில் இன்சுலின் இருக்கும், லேபிளைப் படியுங்கள். இன்சுலினும் இதே பாதையைத்தான் தட்டும். பெருங்குடல் புற்றுச் செல்கள் டிஜிஎஃப்-ஆல்ஃபா, ஐஜிஎஃப்-2 போன்ற காரணிகளைத் தாமே சுரப்பதும் உண்டு. அதனால் ஏற்பியை அடைக்கும் மருந்து போட்ட குழி ஒன்று கட்டாயம் வேண்டும். அப்புறம், காரணி போட்ட சில நிமிடங்களில் பாஸ்பேட் ஏறிய ஏகேடி (சமிக்ஞை ஓடுவதன் அடையாளம்) கூடியதா என்று பார்த்துவிட்டுக் குளூக்கோஸுக்குப் போங்கள்.

செல்லின் மரபுப் பிறழ்வு தெரியாமல் தொடங்குவது

ஆய்வகத்தில் வளர்க்கும் பெருங்குடல் புற்றுச் செல் வகைகளில், எச்சிடி116 செல்லில் கேராஸ், பிஐ3கே மரபணுக்களில் பிறழ்வு உண்டு. எச்டி-29 செல்லில் பிராஃப் மரபணுவில். ஏற்பிக்குக் கீழேயே சமிக்ஞை தானாக ஓடும்போது ஈஜிஎஃபின் பங்கு சிறுத்துத்தான் தெரியும். கேராஸ் அல்லது பிராஃப் பிறழ்ந்த பெருங்குடல் செல்களில் குளட்1 அதிகம் என்றும், குளூக்கோஸ் குறைந்த சூழலில் அவை தாக்குப்பிடிக்கின்றன என்றும் 2009இல் 'சயன்ஸ்' இதழில் வந்த ஆய்வு காட்டியது. ஏற்பியை அடைக்கும் செட்டுக்சிமாப் மருந்து, கேராஸ் உள்ளிட்ட ராஸ் மரபணுக்கள் பிறழ்ந்த கட்டிகளில் பலன் தராததும் இதே காரணத்தால்தான்.

25 மில்லிமோல்

நம் வீடுகளில் விரலைக் குத்திச் சீனி பார்க்காத குடும்பம் குறைவு. வெறும் வயிற்றில் லிட்டருக்கு 5 மில்லிமோல் சொச்சம் வந்தால் நிம்மதி. கருவியில் 25 வந்தால் பாட்டியை உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோவோம். ஆய்வகத்தில் வழக்கமாக எடுக்கும் அதிக குளூக்கோஸ் மீடியத்தில் அதே 25தான் இருக்கிறது. 5 மில்லிமோலிலும் ஒருமுறை செய்து பாருங்கள்.

செல் எண்ணிக்கையால் வகுக்காதது

காரணி செல்லைப் பெருக்கவும் செய்யும். வகுக்காத எண்ணுக்குப் பொருளில்லை.

மீடியம் மஞ்சளானால் லாக்டேட் என்பது

மஞ்சள் நிறம் காட்டுவது அமிலத்தை மட்டுமே. லாக்டேட்டை அளந்துவிட்டு எழுதுங்கள்.

புற்றுச் செல்லுக்கு மைட்டோகாண்ட்ரியா (செல்லின் ஆற்றல் உறுப்பு) வேலை செய்யாது என்பது

ஜெர்மன் விஞ்ஞானி ஓட்டோ வார்பர்க் அப்படி நினைத்தார். பெரும்பாலான புற்றுச் செல்களில் அது நன்றாகவே இயங்குகிறது.

பிளேட்டில் கண்டதைச் சமையலறையில் சொல்வது

இதில்தான் எனக்குக் கவலை அதிகம். "சீனிதான் புற்றுக்குச் சாப்பாடு" என்று படித்த பிள்ளை சொன்னால் வீட்டில் நம்புவார்கள். அப்படி நம்பி, கீமோ எடுத்துக்கொண்டிருந்த ஓர் அத்தை சோற்றையே நிறுத்திவிட்டார். எடை இறங்கிக்கொண்டே போனது. சோற்றை நிறுத்தினாலும் கல்லீரல் குளூக்கோஸை உண்டாக்கி ரத்தத்தில் விடும். புற்றுச் செல் குளுட்டமின் என்ற அமினோ அமிலத்தையும் கொழுப்பையும்கூடப் பயன்படுத்திக்கொள்ளும். நீரிழிவு இருந்தால் சீனிக் கட்டுப்பாடு தேவைதான், அது தனிக் கணக்கு. அத்தை எவ்வளவு சோறு சாப்பிடலாம் என்பதை அவருடைய மருத்துவரும் உணவியல் நிபுணரும் சொல்லட்டும்.