உங்கள் ஆஸ்பத்திரி காப்புறுதிப் பட்டியலிலிருந்து விலகினால்

ஓய்வூதியர்களே, வழக்கமாகப் போகும் தனியார் ஆஸ்பத்திரி உங்கள் காப்புறுதி ஏற்கும் ஆஸ்பத்திரிகளின் பட்டியலில் இனி இல்லை என்று அறிவித்தல் வந்ததும் காப்புறுதியை மாற்றிவிடாதீர்கள். முதலில் ஒன்றைக் கேளுங்கள்: அங்கே நாமே காசு கட்டிப் பற்றுச்சீட்டைக் கொடுத்தால் பணம் திரும்பக் கிடைக்குமா? சில திட்டங்களில் கிடைக்கும். காசு கட்டாமல் காப்புறுதி அட்டையைக் காட்டிச் சேரும் வசதி மட்டுமே நிறுத்தப்பட்டிருக்கும். பதிலை எழுத்தில் வாங்குங்கள்.

மாறுவதில் பெரிய ஆபத்து, ஏற்கெனவே உள்ள சீனி வருத்தம், பிரஷர் போன்றவைதான். புதிய நிறுவனம் இவற்றுக்குச் சில காலம் பணம் தராமல் காத்திருப்புக் காலம் வைக்கலாம், ஏற்காமலும் விடலாம். வயது கூடினால் கட்டுப்பணமும் கூடும். ஆகவே புதியது கைக்கு வரும்வரை பழையதை நிறுத்தவே வேண்டாம்.

முல்லைத்தீவிலோ மாங்குளத்திலோ இருப்பவருக்குக் கொழும்பு ஆஸ்பத்திரிகள் நிறைந்த பட்டியலால் என்ன பயன்? யாழ்ப்பாணத்திலும் வவுனியாவிலும் எவை இருக்கின்றன என்று பாருங்கள். அரச ஓய்வூதியர் என்றால் அரச ஊழியருக்கும் ஓய்வூதியருக்குமான அக்ரஹார காப்புறுதியில் உங்களுக்கு என்ன உரித்து என்று பிரதேச செயலக ஓய்வூதியப் பகுதியில் விசாரியுங்கள்.

அப்புறம், நெஞ்சுவலி வந்தால் பட்டியல் பார்க்காதீர்கள். 1990 என்ற இலக்கத்தில் இலவச அம்புலன்ஸை அழைத்து அரச ஆஸ்பத்திரிக்கே போங்கள்.