பொங்கலன்று குடும்பப் படம்: திண்ணை நிழலும் சாயங்கால வெயிலும்

பொங்கலுக்கு ஊரில் எல்லோரும் கூடியிருக்கும்போது எடுக்கிற படம் பெரும்பாலும் பானை பொங்கி, சாப்பிட்டு முடித்து, பகல் 12 மணிக்கு வாசலில் நின்று எடுத்ததாகவே இருக்கும். கண் இருக்கும் இடத்தில் கருநிழல், நெற்றியிலும் மூக்கிலும் வெள்ளைத் திட்டு, குழந்தைகள் கண்ணைச் சுருக்கியபடி. கேமராவைக் குறை சொல்லிப் பயனில்லை. உச்சி வெயில் மேலிருந்து விழுகிறது. புருவமே கண்ணுக்குக் குடைபிடித்து இருட்டாக்கிவிடுகிறது. ஜனவரியில் சூரியன் சற்றுத் தெற்கே சாய்ந்திருப்பதால் கொஞ்சம் தேவலை. ஏப்ரலிலும் ஆகஸ்டிலும் தமிழ்நாட்டில் அது நேர் தலைக்கு மேலேயே வந்து நிற்கும். அந்த மாதங்களில் காலை 9 மணிக்கு மேல் மாலை 4 மணி வரை திறந்த வெளியில் குடும்பப் படம் எடுக்காமல் இருப்பதே நல்லது.

இடத்தை அழகு பார்த்துத் தேர்ந்தெடுக்காதீர்கள். முகத்தைப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். வீட்டில் ஒருவரை நிற்கவைத்து மெல்ல ஒரு சுற்றுத் திரும்பச் சொல்லுங்கள். எந்தத் திசையில் கண்ணுக்குள் ஒரு வெளிச்சப் புள்ளி மினுங்குகிறதோ, கன்னத்தில் நிழலின் ஓரம் கத்தியாய் வெட்டாமல் குழைந்து இறங்குகிறதோ, அந்தத் திசைதான் உங்களுக்கு வேண்டியது.

பழைய வீடாக இருந்தால் தேடவே வேண்டாம், திண்ணை போதும். மேலிருந்து வரும் வெயிலைக் கூரை தடுக்கிறது. எதிரே திறந்த வானம் முகத்தை ஒளியூட்டுகிறது. வெயில் விழுந்த வாசல் தரை கீழிருந்து கொஞ்சம் வெளிச்சத்தைத் திருப்பி அனுப்பிக் கண்ணுக்கடியில் உள்ள நிழலைக் குறைக்கிறது. கிழக்குப் பார்த்த வீடு என்றால் காலை வெயில் நேராகத் திண்ணையில் அடிக்கும். மதியத்துக்கு மேல்தான் நிழல். மாலை 3.30 மணிக்கு மேல் பாருங்கள், எதிர்வீட்டுச் சுவரில் இன்னும் வெயில் இருக்கும், உங்கள் திண்ணை நிழலாகி மெத்தென்ற வெளிச்சத்தில் நனைந்திருக்கும். மேற்குப் பார்த்த வீட்டுக்கு இதே சுகம் காலை 8 மணியளவில் கிடைக்கும்.

எல்லோரையும் நிழலின் விளிம்பிலிருந்து இரண்டு மூன்று அடி உள்ளே வையுங்கள். ஆழமாக உள்ளே போனால் முகம் மங்கும். படம் எடுப்பவர் வாசலில், வெளியே நிற்க வேண்டும். உள்ளே நின்று வாசலைப் பார்த்து எடுத்தால் ஆட்கள் கரிய உருவங்களாகத்தான் தெரிவார்கள். எதிர்ச்சுவரின் நிறத்தையும் கவனியுங்கள்: பச்சையோ ரோஸோ அடித்த சுவரில் வெயில் பட்டால் அந்த நிறம் முகத்தில் ஏறும், பிறகு திருத்துவது கடினம். வேப்பமர நிழல் குளிர்ச்சியாகத் தோன்றினாலும் இலைச் சந்துகளில் விழும் வெயில் பொட்டுகள் முகத்தைத் திட்டுத்திட்டாக்கிவிடும். மரத்தடி வேண்டுமென்றால் இலை அடர்ந்த புளி, மா போன்றவற்றின் அடியில், தரையில் ஒரு பொட்டுக்கூட இல்லாத இடமாகப் பாருங்கள்.

மாலை வெயிலுக்கு வருவோம். நம் ஊரில் சூரியன் ஏறக்குறைய செங்குத்தாக இறங்குவதால் பொன்வெயில் நீண்ட நேரம் நிற்காது. அரை மணி, மிஞ்சினால் நாற்பது நிமிடம். சென்னையில் பொங்கல் சமயத்தில் மாலை 6 மணியை ஒட்டி அஸ்தமனம், ஜூனில் 6.35 அளவில். ஆகவே பொங்கலன்று 5 மணிக்கே எல்லோரும் உடுத்தித் தயாராக இருக்க வேண்டும், 5.20க்குப் பூ வைக்க ஆரம்பித்தால் வெளிச்சம் காத்திருக்காது.

‘சூரியன் எடுப்பவரின் முதுகுக்குப் பின்னால் இருக்க வேண்டும்’ என்ற பழைய அறிவுரை, வெளிச்சம் ஏராளமாகத் தேவைப்பட்ட ஃபிலிம்களின் காலத்தது. இப்போது சூரியனை ஆட்களின் முதுகுப் பக்கம் வையுங்கள். கண் கூசாது, தலைமுடியிலும் மல்லிகையிலும் பொன்விளிம்பு விழும். பின்னணி மட்டும் தோப்பு, வைக்கோல் போர் என்று சற்றே இருண்டதாக இருக்கட்டும். வெறும் வானம் என்றால் வெளுத்துப்போகும். லென்ஸில் நேர் வெயில் விழாதபடி கையால் மறையுங்கள். அதற்கு முன் லென்ஸைப் பருத்தித் துணியால் துடையுங்கள், விரல் எண்ணெய் பட்ட மொபைல் லென்ஸ் எதிர்வெயிலில் படம் முழுக்கப் புகைபோட்டுவிடும். முகத்துக்கு நிரப்பு வெளிச்சம் வேண்டுமா? உட்கார்ந்திருப்பவர்களுக்கு மூன்று நான்கு அடி முன்னால் ஒரு வெள்ளை வேட்டியை விரித்துவிடுங்கள், அல்லது தெர்மாகோல் அட்டையை ஒருவர் பிடிக்கட்டும்.

இனி அளவுகள். மொபைலில் முகத்தைத் தொட்டு, விரலை எடுக்காமல் அழுத்தி, ஃபோகஸையும் வெளிச்சத்தையும் பூட்டுங்கள். வெள்ளை வேட்டி சட்டைகள் நிறைந்த குழு என்றால் கேமரா ஏமாந்து முகங்களை இருட்டாக்கும். வெளிச்சத்தை அரை ஸ்டாப்பிலிருந்து ஒரு ஸ்டாப் வரை கூட்டுங்கள் (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இரட்டிப்பாவது). மாநிறமும் கருநிறமும் உள்ளவர்களை மொபைல் தானாக வெளுக்க வைக்கும். அழகூட்டும் ஃபில்டரை அணைத்துவிட்டு, வெளிச்சத்தை ஒரு துளி குறையுங்கள். பாட்டியின் நிறம் பாட்டியின் நிறமாகவே இருக்க வேண்டும். சாம்பல் பூத்த முகம் யாருடையதும் இல்லை. சிவப்புப் பட்டு நேர் வெயிலில் மடிப்பே தெரியாமல் ஒரே சிவப்பாகிவிடும், ஜரிகை வெள்ளையாய் எரியும். இரண்டுக்கும் நிழல்தான் மருந்து.

கேமராவென்றால் திண்ணை நிழலில் எஃப் 8 (லென்ஸ் திறப்பின் அளவு; எண் கூடினால் திறப்பு சுருங்கும், முன்னும் பின்னும் தெளிவாக விழும்), 1/250 நொடி (ஷட்டர் திறந்திருக்கும் நேரம்), ஐஎஸ்ஓ 400 (கேமரா வெளிச்சத்தை உணரும் அளவு) என்று தொடங்குங்கள். இரண்டு வரிசைக்கு எஃப் 1.8 வைத்தால் பின்வரிசைப் பெரியப்பா மங்கிவிடுவார். ஓடும் குழந்தைக்கு 1/500. அஸ்தமனத்துக்குப் பிறகும் பத்துப் பதினைந்து நிமிடம் வானம் முழுக்க ஒரே பெரிய விளக்காக இருக்கும்; அப்போது வரிசைகளைக் கலைத்து, தாத்தா பாட்டியை மட்டும் எஃப் 4, 1/125, ஐஎஸ்ஓ 800இல் எடுங்கள்.

மொபைலின் 0.5 என்ற அகலக்கோண லென்ஸில் குடும்பத்தை அடைக்கவே அடைக்காதீர்கள், ஓரத்தில் நிற்பவர்களின் தோளும் தலையும் இழுபட்டு விகாரமாகும். நான்கைந்து மீட்டர் பின்னால் போய் 1 அல்லது 2 மடங்கில் எடுங்கள். பின்னணியை மங்கலாக்கும் போர்ட்ரெய்ட் மோடு கூட்டத்துக்கு வேண்டாம், அது மல்லிகைச் சரத்தின் ஓரத்தைப் பிய்த்துவிடும். கண்ணாடி அணிந்தவர்கள் முகவாயைச் சற்றே தாழ்த்தினால் வானத்தின் பிரதிபலிப்பு விலகும்.

எல்லோரையும் கண்ணை மூடச் சொல்லி, மூன்று எண்ணியதும் திறக்கச் சொல்லி, அந்தக் கணத்தில் தொடர்ச்சியாக எட்டுப் பத்துப் படங்கள் எடுங்கள். யாரையும் எழவிடாமல், ஒவ்வொரு முகமாகப் பெரிதாக்கிக் கண் திறந்திருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். பந்தி பரிமாறக் கூப்பிட்டுவிட்டால் அந்தக் கூட்டம் மறுபடி சேராது.