வீட்டிலிருந்து விடை திருத்துகிறீர்களா?

அமெரிக்காவில் மாநிலத் தேர்வுக் கட்டுரைகளை வீட்டிலிருந்தே திருத்துபவர்கள் கவனத்துக்கு. உங்களுக்கு வரும் விடைகளுக்கு நடுவே, ஏற்கெனவே மதிப்பெண் முடிவான சிலவற்றையும் அடையாளம் இல்லாமல் கலந்து அனுப்புவார்கள். அவற்றில் அடிக்கடி பிசகினால் மறுபயிற்சி, இல்லாவிட்டால் வெளியேற்றம்.

பிசகுவது பெரும்பாலும் களைப்பில்தான். கை தானாக நடு மதிப்பெண்ணுக்குப் போகும். 2, 2, 2 என்றே விழுகிறதா? நிறுத்துங்கள். மாதிரி விடைகளைத் திறந்து 2-க்கும் 3-க்கும் உரியவற்றை அடுத்தடுத்துப் படித்துவிட்டுத் தொடருங்கள். முந்தைய விடையோடு மட்டும் ஒப்பிடாதீர்கள். ஐந்து மோசமான கட்டுரைகளுக்குப் பின் சுமாரானதும் பிரமாதமாகத் தெரியும்.

வீட்டில் அடி, தற்கொலை எண்ணம் என்று பிள்ளை எழுதியிருந்தால் மதிப்பெண்ணோடு கடந்துவிடாதீர்கள். அதே நிமிடம் மேற்பார்வையாளருக்குத் தெரியப்படுத்துங்கள்.