49 சிசி பாக்கெட் பைக்: வாங்கும்போது பார்க்க வேண்டியவை, ஓட்டும் முன் செய்ய வேண்டியவை

பாக்கெட் பைக் என்பது டூ-ஸ்ட்ரோக் எஞ்சின் வைத்த குட்டி மோட்டார் சைக்கிள். முதலில் அதை ஓட்டும் இடம். 1988 மோட்டார் வாகனச் சட்டம், நான்கு சக்கரத்துக்குக் குறைவான வண்டியில் எஞ்சின் 25 சிசிக்கு மேல் போகாமல் இருந்தால்தான் அதை மோட்டார் வாகனமாகக் கருதாமல் விலக்கு தருகிறது. 49 சிசி அதில் அடங்காது. நம்பர் பிளேட் வாங்க வழியில்லாத வண்டியைத் தெருமுனை வரைகூட இறக்காதீர்கள். பதினெட்டு நிரம்பாத பிள்ளை ஓட்டிப் பிடிபட்டால், 199ஏ பிரிவில் பெற்றோருக்கு 3 ஆண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் உண்டு. சுற்றுச்சுவர் உள்ள சொந்த இடம் வேண்டும், அல்லது அனுமதி வாங்கிய கோ-கார்ட் டிராக். ரிம் ஆறரை அங்குலம்தான் என்பதால் தரை சமமாக இருப்பதும் முக்கியம். சின்னப் பள்ளமே ஆளைக் கவிழ்த்துவிடும்.

பழைய வண்டி பார்க்கப் போனால், ஸ்டார்ட் செய்யும் முன் எஞ்சினைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால், நீங்கள் வருவதற்கு முன்பே யாரோ ஸ்டார்ட் செய்திருக்கிறார்கள், ஆறும்வரை காத்திருங்கள். பிறகு சைலன்சரின் இரண்டு போல்ட்டுகளைக் கழற்றி, புகை வெளியேறும் துளைக்குள் டார்ச் அடியுங்கள். பிஸ்டனின் பக்கவாட்டுச் சுவர் தெரியும். அது வழுவழுப்பாக இருக்க வேண்டும். மேலிருந்து கீழாகக் கீறல் கோடுகள் இருந்தால் ஆயில் குறைவாகக் கலந்து ஓட்டியிருக்கிறார்கள் என்று பொருள். எவ்வளவு பளபளப்பாகப் பெயின்ட் அடித்திருந்தாலும் அந்த வண்டி வேண்டாம்.

புது வண்டியில் வேறு வேலை. பல போல்ட்டுகள் கைமுறுக்கில்தான் வரும். இரண்டு ஆக்சில் (சக்கர அச்சு), ஹேண்டில் கிளாம்ப், எஞ்சின் மவுண்ட், கார்புரேட்டர், சைலன்சர் எல்லாவற்றையும் ஸ்பேனர் போட்டு முறுக்குங்கள். ஹேண்டில், எஞ்சின் மவுண்ட் போல்ட்டுகளுக்கு நீல நிற த்ரெட் லாக்கர் (போல்ட் தளராமல் பிடிக்கும் பசை) ஒரு சொட்டு போதும். கார்புரேட்டர் போல்ட் தளர்ந்தால் இடுக்கு வழியாகக் காற்று உள்ளே போகும்; ஆக்சிலரேட்டரை விட்ட பிறகும் எஞ்சின் தானாகச் சீறும், கொஞ்ச நேரத்தில் பிஸ்டன் ஜாம் ஆகும். முதல் இருபது நிமிட ஓட்டத்துக்குப் பின், எஞ்சின் ஆறியதும் அத்தனையையும் மறுபடி முறுக்குங்கள்.

பெட்ரோல் கலவை பெரும்பாலும் 25:1. அதாவது 1 லிட்டருக்கு 40 மி.லி. டூ-டி ஆயில் (டூ-ஸ்ட்ரோக் எஞ்சினுக்கான ஆயில்), 10 மி.லி. சிரிஞ்சில் நான்கு முறை. கையேட்டில் வேறு அளவு இருந்தால் அதையே பின்பற்றுங்கள். தனி கேனில் கலந்து குலுக்கிய பிறகே டேங்கில் ஊற்ற வேண்டும். ஃபோர்-ஸ்ட்ரோக் எஞ்சின் ஆயில் கூடவே கூடாது. பங்க் பெட்ரோலில் எத்தனால் இருப்பதால் ஈரம் இழுக்கும். ஒரு மாதம் சும்மா நிற்கப்போகிறது என்றால் பெட்ரோல் டேப்பை மூடி, கார்புரேட்டர் வறண்டு எஞ்சின் அணையும்வரை ஓடவிடுங்கள். இல்லையென்றால் கார்புரேட்டரில் பெட்ரோல் வரும் சிறு துளையான ஜெட் அடைத்துக்கொள்ளும்.

ஸ்டார்ட் செய்ய, சோக்கைப் போட்டு, எஞ்சினைச் சுழற்றும் ஸ்டார்ட்டர் கயிற்றை மெதுவாக இழுங்கள். பிடிப்பு தட்டும் இடத்திலிருந்து சட்டென்று ஒரு இழுப்பு, முழு நீளத்துக்கும் வேண்டாம். கயிற்றைக் கையோடு திரும்ப விடுங்கள். அப்படியே விட்டால் உள்ளே ஸ்பிரிங் உடையும். ஐட்லிங்கில் (ஆக்சிலரேட்டர் கொடுக்காமல் எஞ்சின் ஓடும்போது) வண்டி தானாக நகர்ந்தால் ஐட்லிங் ஸ்க்ரூவைக் குறையுங்கள். குறைத்தும் நகர்ந்தால் கிளட்ச் ஸ்பிரிங் உடைந்திருக்கும். மாற்றும்வரை யாரையும் ஏற்றாதீர்கள்.

ஏறுபவருக்கு முகம் மூடும் ஐஎஸ்ஐ ஹெல்மெட், கையுறை, கணுக்கால் மூடும் ஷூ கட்டாயம். துப்பட்டாவும் தொங்கும் ஷூ லேஸும் செயினில் சிக்கும். பிள்ளைக்கு முதல் பாடம், எஞ்சினை உடனே அணைக்கும் கில் ஸ்விட்ச். நின்ற வண்டியில் பத்து முறை, கண் பார்க்காமலே விரல் அதைத் தேடிப் போகும்வரை பழக்குங்கள். முன் பிரேக்கை மட்டும் இறுக்கிப் பிடித்தால் குட்டை வண்டி ஆளைத் தூக்கி எறியும், அதனால் இரண்டையும் சேர்த்துப் பிடிக்கச் சொல்லுங்கள். முதல் டேங்க் முழுக்கப் பாதி ஆக்சிலரேட்டர்தான்.

ஒவ்வொரு முறையும் இறங்கியதும் எஞ்சினை அணைத்துவிட்டுச் செயினின் நடுப்பகுதியை விரலால் அழுத்திப் பாருங்கள். சுமார் 10 மி.மீ. ஆட வேண்டும். அதிகமாகத் தொங்கும் செயின் கழன்று பின் சக்கரத்தில் சுற்றி, ஓடும் வண்டியை அப்படியே நிறுத்திவிடும்.