மாடுங்கா பழைய பில்டிங்ல வீட்டை ரெனோவேட் பண்ணப் போறீங்களா

மும்பைல மாடுங்கா, கிங்ஸ் சர்க்கிள், ஃபைவ் கார்டன்ஸ் பக்கத்துல 1930, 40கள்ல கட்டின பில்டிங்குகள்ல நம்ம தமிழ்க் குடும்பங்கள் இன்னும் நிறைய இருக்கு. தாத்தா எடுத்த வீடு, மூணு தலைமுறை வளந்த இடம், இப்போ பசங்க கைக்கு வந்ததும் முதல்ல இன்டீரியர் டிசைனரைக் கூப்பிடறாங்க. அவர் கடைசில வரட்டும். முதல்ல வரவேண்டியவர் ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர், ஏன்னா இந்த வீடுகளோட ஆயுசு ஸ்லாபுக்குள்ள இருக்கற கம்பியிலயும், அந்தக் கம்பிகிட்ட தண்ணி போகாம இருக்கறதுலயும்தான் இருக்கு.

பேப்பர் வேலையை முதல்லயே முடிச்சிடுங்க. ஹவுசிங் சொசைட்டி வீடுன்னா என்ஓசி வாங்கணும். பகடி வீடுன்னா (முன்னாடியே ஒரு தொகை கொடுத்துட்டு குறைஞ்ச வாடகைல இருக்கற வீடு) லேண்ட்லார்டுகிட்ட எழுத்துலயே சம்மதம் வாங்கிக்கோங்க, வாய்வார்த்தை போதாது, 1999 வாடகைச் சட்டப்படி அவர் எழுதித் தராம நிரந்தரமா எதையாவது கட்டினா அதையே காரணம் காட்டி காலி பண்ணச் சொல்லலாம். பில்டிங் செஸ், அதாவது பழைய பில்டிங் ரிப்பேருக்கான வரி, கட்டறதான்னும் பாருங்க (1940 செப்டம்பர் 1க்கு முன்னாடி கட்டினது ஏ கேட்டகரி), செஸ் பில்டிங்னா பீம், காலம் (தூண்) மாதிரி பொது ரிப்பேருக்கு மாநில அரசோட வீட்டு வசதி அமைப்பான ம்ஹாடாவோட ரிப்பேர் போர்டை அணுகலாம். ஹெரிடேஜ் லிஸ்ட்ல பில்டிங் பேர் இருக்கான்னு முனிசிபாலிட்டில விசாரிச்சிடுங்க, இருந்தா பால்கனி, ஜன்னல், வெளிச்சுவர் எதுலயும் அனுமதி இல்லாம கை வைக்காதீங்க.

இப்போ சீலிங்கைப் பாருங்க. பால்கனிக்கு அடியில, பாத்ரூமுக்கு அடியில, சஜ்ஜா (ஜன்னலுக்கு மேல நீட்டின சன்ஷேட்) ஓரத்துல நீளவாக்குல விரிசல் இருந்தாலோ, தட்டினா உள்ள வெத்தா இருக்கற மாதிரி சத்தம் வந்தாலோ பெரும்பாலும் கம்பி துருப்பிடிச்சிருக்குன்னு அர்த்தம். இரும்பு துருவா மாறும்போது பல மடங்கு உப்பும், அந்த அழுத்தத்துலதான் கான்கிரீட் பாளம் பாளமா விழுது. இதுக்கு மேல பிளாஸ்டர் பூசி பெயிண்ட் அடிச்சுத் தர்றேன்னு எந்த கான்ட்ராக்டர் சொன்னாலும் அவரை அனுப்பிடுங்க. சரியான வேலைன்னா, கீழே ப்ராப் முட்டுக் கொடுத்து, லூசான கான்கிரீட்டைக் கம்பிக்குப் பின்னாடி வரைக்கும் எடுத்து, கம்பி பளபளன்னு தெரியற அளவுக்குத் துருவை நீக்கி, அதோட தடிமனை அளந்து, ரொம்ப மெலிஞ்சிருந்தா பக்கத்துல புதுக் கம்பி சேர்த்து, அதுக்கப்புறம் ஆன்டி-ரஸ்ட் கோட், பாண்டிங் கோட், பாலிமர் மார்ட்டார்னு வரிசையா வரணும். ஒரே தடவைல தடிமனா அப்பக் கூடாது, லேயர் லேயரா போடணும்.

அந்தத் தண்ணி எங்கேருந்து வந்ததுன்னு கண்டுபிடிக்காம இதைப் பண்ணினா மறுபடி வரும். பெரும்பாலும் மேல் வீட்டு பாத்ரூம், இல்லைன்னா சுவருக்குள்ள புதைஞ்ச பழைய பைப். மேல் வீட்டுக்காரங்களோட சண்டை போடாதீங்க, உக்காந்து பேசி அவங்க பாத்ரூமையும் சேர்த்து ஒரே சமயத்துல வாட்டர்ப்ரூஃபிங் பண்ண ஒத்துக்க வையுங்க, செலவைப் பகிர்ந்துக்கிட்டாலும் நஷ்டமில்ல. வாட்டர்ப்ரூஃபிங் முடிஞ்சதும் டைல் ஒட்டறதுக்கு முன்னாடி 48 மணி நேரம் தண்ணி தேக்கி வச்சுக் கீழ் வீட்டு சீலிங்கைப் பாக்கணும். மிஸ்திரி அவசரப்படுத்துவாரு, விடாதீங்க.

எனக்கு மனசு தாங்காத விஷயம் தரை. அந்தக் காலத்து மொசைக்கும் டிசைன் போட்ட சிமென்ட் டைலும் இன்னும் பல வருஷம் வரும், அதை மூடி மேல விட்ரிஃபைட் டைல் போடறாங்க. அழகு போறது ஒரு பக்கம், எடையையும் பாருங்க. ரெண்டு இஞ்ச் மார்ட்டாரும் டைலும் சேர்ந்தா ஒரு சதுர மீட்டருக்கு 100 கிலோவுக்கு மேல வரும். இன்னிக்கு வீட்டு ஸ்லாபுக்கு ஆள், சாமான் எல்லாம் சேர்த்து டிசைன்ல எடுத்துக்கற லோடே சதுர மீட்டருக்கு 200 கிலோதான், அதுல பாதியை நீங்க தரைக்கே கொடுத்துடறீங்க, அதுவும் எண்பது வருஷம் ஆன ஸ்லாபுல. லாஃப்ட்ல 500 லிட்டர் டேங்க் வைக்கறவங்களுக்கும் இதேதான், அது அரை டன்.

மொசைக்கை மெஷின் வச்சு சொரசொரப்பான கல்லுல ஆரம்பிச்சு படிப்படியா நைஸ் கல்லு வரைக்கும் தேய்ச்சா புதுசா ஆயிடும். டிசைன் சிமென்ட் டைலை அப்படித் தேய்க்கச் சொல்லாதீங்க, கலர் இருக்கறது மேல சில மில்லிமீட்டர் மட்டும்தான், லைட்டா பாலிஷ் போதும். ரெண்டுக்குமே ஆசிட் ஊத்தவே கூடாது, சிமென்ட்டை அரிச்சிடும். உடைஞ்ச டைலுக்கு மேட்ச் வேணும்னா, 1922ல ஆரம்பிச்ச பாரத் ஃப்ளோரிங் டைல்ஸ் மாதிரி மும்பை கம்பெனிகள் இன்னும் பழைய டிசைன்கள் போடறாங்க. செலவு பண்ண வேண்டாம்னா கட்டிலுக்கு அடியில இருக்கற நல்ல டைலை எடுத்து ஹால்ல வச்சு, அங்க பிளெயின் போட்டுக்கலாம்.

கதவு ஜன்னல் பர்மா தேக்குன்னா யாரும் அலுமினியம் ஸ்லைடிங்குக்கு மாத்தச் சொன்னா கேக்காதீங்க. ஸ்லைடிங்ல ஒரு நேரத்துல பாதி ஜன்னல்தான் திறக்கும், இந்த வீடுகளோட சுகமே குறுக்கால போற காத்துதான். பழைய பெயிண்டுல ஈயம் இருக்க வாய்ப்பு உண்டு, அதனால காய்ஞ்சபடி சுரண்டாம நனைச்சுத் தேய்க்கணும், மாஸ்க் போடணும், குழந்தைங்களும் கர்ப்பிணிகளும் அந்த நாட்கள்ல வீட்டுல இருக்க வேண்டாம். வெளியில துருத்தற பாக்ஸ் க்ரில்லை சஜ்ஜால துளை போட்டு மாட்டாதீங்க, அந்தத் துளை வழியாத்தான் மழைத்தண்ணி உள்ள போய்க் கம்பியைத் தொடும்.

வயரிங் முழுசா புதுசு. பழைய மரப்பட்டி வயரிங்ல பெரும்பாலும் எர்த் இருக்காது, ஏசி, கீசருக்குத் தாங்காது. எர்த்தோட புது லைன், கரண்ட் கசிஞ்சா உடனே கட் பண்ற 30 மில்லியாம்ப் ஆர்சிசிபி, ஏசிக்குத் தனி 4 ஸ்கொயர் எம்எம் வயர், லோட் கூட்டறதுக்கு கரண்ட் சப்ளை பண்ற பெஸ்ட் (BEST) ஆபீஸ்ல அப்ளிகேஷன். வயருக்காக பீம், காலத்தை யாரும் வெட்ட விடாதீங்க, வெளிய தெரியற மாதிரி கான்ட்யூட் ஓட்டினா தப்பே இல்ல.

மழைக்காலத்துல லீக்கை எல்லாம் போட்டோ எடுத்து வச்சுக்கிட்டு அக்டோபர்ல வேலையை ஆரம்பிங்க, மே மாசத்துக்குள்ள முடியணும். வார்ட்ரோபை மட்டும் வெளிச்சுவர்ல உடனே அடிக்காதீங்க. அடுத்த ஜூன் ஜூலை மழை அந்தச் சுவர்ல அடிச்சு, உள்ள ஈரம் ஏறலைன்னு கையால தொட்டுப் பாத்துட்டு அப்புறம் கார்ப்பென்டரைக் கூப்பிடுங்க.