ஓர்வியெத்தோவில் காலையில் கிணறு, பிற்பகலில் பேராலயம்

ரோமிலிருந்து ஒரு நாள் பயணமாக, இத்தாலியின் மலைமேல் அமைந்த ஊரான ஓர்வியெத்தோ செல்பவர்கள், மலையேற்றும் கேபிள் ரயிலை விட்டு இறங்கியதும் பேராலயத்துக்கு விரையாமல், நிலையத்துக்கு அருகிலேயே உள்ள புனித பாட்ரிக் கிணற்றை முதலில் பார்த்துவிட்டு, பேராலயத்தைப் பிற்பகலுக்கு வைத்துக்கொள்வது நல்லது. 1290-இல் கட்டத் தொடங்கிய பேராலயத்தின் முகப்பு மேற்குப் பார்த்தது. காலையில் நிழலில் மங்கிக் கிடக்கும் அதன் பொன் பதித்த மொசைக் ஓவியங்கள், சாயும் வெயில் நேராகப் படும்போதுதான் தகதகக்கின்றன. கிணற்றுக்கு வெயில் ஒரு பொருட்டல்ல. 1527-இல் ரோம் சூறையாடப்பட்ட பின் இங்கே தஞ்சம் புகுந்த போப் ஏழாம் கிளமெண்ட், முற்றுகை வந்தாலும் ஊருக்குத் தண்ணீர் கிடைக்க வேண்டுமென்று வெட்டச் செய்த கிணறு இது; இறங்க ஒன்று, ஏற ஒன்று எனச் சுழலும் இரண்டு படிக்கட்டுகள், தண்ணீர் சுமக்கும் கோவேறு கழுதைகள் எதிரெதிரே வந்து முட்டிக்கொள்ளாதபடி அமைந்தவை. ஒவ்வொன்றிலும் 248 படிகள் இருப்பதால், கால் சோராத காலைப்பொழுதே இதற்கு ஏற்றது. (முழங்கால் வலி உள்ளவர்கள் எந்நேரத்திலும் தவிர்த்துவிடலாம்.)

மேகமூட்டமான நாளில் இந்த வரிசையால் பயனில்லை. குளிர்காலத்தில் பேராலயம் சீக்கிரமே மூடப்படும் என்பதால், உள்ளே லூக்கா சிஞ்ஞொரெல்லியின் சுவரோவியங்களை நிதானமாகப் பார்க்க விரும்புபவர்கள் முதலில் அங்கேதான் செல்ல வேண்டும்.